சங்கத்து மிஷினும் மாமா மிஷினும்

தம்பி,

அன்றைக்குப் போன் பேச்சு முடிந்ததும் உன் அப்பா கொல்லைக்குப் போய் மாட்டிடம் முறையிட்டார். "கேட்டியா சேதிய? நம்ம வூட்டுப் புள்ள மொதலாளி ஆகப் போறானாம்." மாடு அசை போட்டதே தவிர பதில் சொல்லவில்லை. அதற்கு எந்தக் கட்சியும் கிடையாது. பிறகு சாப்பிட உட்கார்ந்தவர், நான் ரசம் ஊற்றும்போது, "இது மொதலாளியோட அம்மா வச்ச ரசமா?" என்று கேட்டார். சிரிக்காமல் கேட்டார். இது சுலபத்தில் ஆறாது என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. வேலையை விட்டுவிட்டுச் சிநேகிதனோடு சேர்ந்து சொந்தமாகக் கம்பெனி தொடங்கப்போவதாக நீ சொன்னது ஒரே வரி. அதற்குப் பிறகு நீங்கள் இருவரும் போட்ட சண்டை போனில் சார்ஜ் தீரும்வரை நடந்தது. "நியாயமாப் பாத்தா முதலாளித்துவம்தாம்ப்பா நியாயம். துணிஞ்சு எறங்குறவனுக்குக் கெடைக்குது. நீங்க சொல்றதுல எல்லாரும் சமமா ஒண்ணுமில்லாம நிப்பாங்க" என்றாய் நீ. "துணிஞ்சு எறங்குறவன் யாரு முதுகுல கால வச்சு எறங்குறான்னு பாத்தியாடா?" என்றார் அவர். கடைசியில் போன் என் கைக்கு வந்தது. "நீயே சொல்லும்மா, யார் சொல்றது சரி?" என்று நீ கேட்ட நேரத்தில் அது அணைந்துபோயிற்று. அந்தப் போனுக்கு இருக்கிற சாமர்த்தியம் எனக்கு இல்லை. பதில் எழுத உட்கார்ந்துவிட்டேன். பேசினால் அங்கே நீ குறுக்கிடுவாய், இங்கே அவர் குறுக்கிடுவார். காகிதத்தில் என்னை யாரும் நிறுத்த முடியாது.

முதலாளித்துவம், பொதுவுடைமை என்ற இந்த இரண்டு தத்துவங்களையும் புத்தகத்தில் படிக்க எனக்கு நேரம் இருந்ததில்லை. நான் பால்வாடியில் பிள்ளைகளைக் கட்டி மேய்த்தவள். தினமும் எல்லாருக்கும் ஒரே கரண்டியால் சுண்டல் போடுவேன். ஒரு கடலைகூட ஏற்றத்தாழ்வு இருக்காது. உன் அப்பா வந்து பார்த்தால் கண்கலங்கிவிடுவார். ஆனால் நான் தண்ணீர்க் குடத்தை மூடிவிட்டுத் திரும்புவதற்குள் ஒரு பயல் மடியில் சுண்டல் குவிந்திருக்கும். யாரையும் அடித்துப் பிடுங்கியிருக்க மாட்டான். பளபளக்கிற சட்டைப் பொத்தானையோ, தீப்பெட்டிக்குள் இருக்கும் பொன்வண்டைத் தொட்டுப் பார்க்கிற உரிமையையோ விற்றிருப்பான். உன் மாமா பார்த்தால் அவன் முதுகில் தட்டிக்கொடுப்பார். அப்புறம் பொன்வண்டைத் தொட்டுப் பார்த்த குழந்தை பசிக்கிறது என்று அழும். அந்தச் சுண்டல்காரனே ஒரு பிடி எடுத்து அதன் கையில் திணித்துவிட்டு, யாராவது பார்த்துவிட்டார்களா என்று வெட்கத்தோடு சுற்றுமுற்றும் பார்ப்பான். இதில் எது எந்தத் தத்துவம் என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. ஆனால் ஒரு ஐப்பசியில் நம் ஊரில் நடந்ததைச் சொல்லத் தெரியும். நீ அப்போது தஞ்சாவூரில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாய். நீ கேட்ட கதை அப்பா சொன்னது பாதி, மாமா சொன்னது பாதி. இரண்டு பாதியும் பொய்.

அதற்கு முன்னால் கொஞ்சம் பின்னால் போகவேண்டும். உன் அப்பா விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் கிளைச் செயலாளர் என்பதும், என் தம்பி, அதாவது உன் செல்வம் மாமா, சிங்கப்பூர் போய்த் திரும்பியவர் என்பதும் நீ பிறந்ததிலிருந்து பார்ப்பதுதான். நம் தெருவில் எல்லாருமே பண்ணையில் கூலிவேலை பார்த்த குடும்பங்கள். குடியிருந்த மனை மிராசுதாருக்குச் சொந்தம். எதிர்த்து ஒரு வார்த்தை பேசினால் கூரையைப் பிரித்துக்கொண்டு கிளம்பவேண்டியதுதான். உன் அப்பாவும் சங்கத்து ஆட்களும் தாலுகா ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து, படுத்து, தொண்டை கிழியக் கத்தி, போலீஸ் வேனில் ஏறி இறங்கித்தான் அந்த மனைகளுக்குப் பட்டா வந்தது. என் தம்பி என்ன செய்தான்? தன் மனைக்கு வந்த பட்டாவை அடகு வைத்து, ஒரு ஏஜெண்டைப் பிடித்து, சிங்கப்பூருக்கு விமானம் ஏறினான். "நான் போராடி வாங்கிக் குடுத்த பட்டா ஒரு மொதலாளியக் குட்டி போட்டுடுச்சு" என்று உன் அப்பா இன்றைக்கும் சொல்வார். "பட்டாவா மச்சான் கப்பல் பட்டறையில வெயில்ல நின்னு வெல்டிங் அடிச்சுது?" என்று மாமா கேட்பார். இரண்டு பேர் சொல்வதும் நிஜம். அதனால்தான் அந்தச் சண்டை முடிவதில்லை.

உலகத்துக்குக் கதவைத் திறந்துவிட்டோம் என்று டெல்லியில் பேசிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. அந்தக் கதவு வழியாக நம் ஊருக்கு முதலில் வந்தது கலர் கலராகக் குளிர்பானம். அடுத்து வந்தது அறுவடை மிஷின். வெளிநாடு போய் வந்தவர்கள் மாடிவீடு கட்டுவார்கள். என் தம்பி டயர் வைத்த பழைய அறுவடை வண்டி ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து வாடகைக்கு விட்டான். அறுப்பில் கூலியாக அளக்கிற நெல்லை நம்பி அடுப்பு எரித்த தெரு நம்முடையது. ஆள் அறுக்கிற வேலையை மிஷின் விழுங்கினால் என்ன ஆவது? உன் அப்பா கொடியோடு போய் அதன் முன்னால் படுத்துவிட்டார். வண்டி டிரைவர் ஆத்தூர் பக்கத்துக்காரர், நல்ல பதவிசு. "சார், கொஞ்சம் தள்ளிப் படுத்துக்குறீங்களா? இந்தப் பக்கம் சேறு, வண்டி எறங்கிடும்" என்றார். போராட்டத்துக்குப் பங்கம் வராத அளவுக்கு உன் அப்பா தள்ளிப் படுத்தார். மத்தியானம் நான் சோறு கொண்டுபோனேன். மிஷினுக்கு மேலே தம்பி, கீழே புருஷன், என் கையில் ஒரே தூக்குச்சட்டி. படுத்திருந்தவருக்கு முதலில் போட்டேன். உட்கார்ந்திருந்தவனுக்கு அப்பளம் கூடுதலாக வைத்தேன். நான் பாரபட்சம் பார்த்ததாக இருவரும் இன்றுவரை சொல்கிறார்கள். சாயங்காலம் பேச்சுவார்த்தை நடந்து, பாதி நிலத்தை ஆள் அறுப்பது, பாதி நிலத்தை மிஷின் அறுப்பது என்று முடிவாயிற்று.

அந்த ஒப்பந்தத்தை முறித்தது மிராசுதாரும் இல்லை, மாமாவும் இல்லை. நம் பிள்ளைகள்தான். திருப்பூருக்குப் பனியன் தைக்கப் போனார்கள், துபாய்க்குக் கட்டடம் கட்டப் போனார்கள், உன் மாமாவைப் பார்த்துச் சிங்கப்பூருக்கும் போனார்கள். ஊரில் கொடி பிடிக்க ஆள் இருந்தது, அரிவாள் பிடிக்க ஆள் இல்லை. அதற்குள் சங்கத்து ஆட்களில் பலர் ஆளுக்குக் கொஞ்சம் கோயில் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் வைக்கத் தொடங்கியிருந்தார்கள். மிஷினுக்கு எதிரே படுத்தவர்களுக்கே மிஷின் தேவைப்பட்டது. மாமாவிடம் போய் நிற்பதா? உன் அப்பா அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். சங்கமே பொதுவில் ஒரு மிஷின் வாங்குவது. வாங்கினார்கள். சிவப்புப் பெயின்ட் அடித்து, மாலை போட்டு, உன் அப்பா ஒரு உரை நிகழ்த்தினார். அவர் முடிப்பதற்குள் மாலையை ஆடு தின்றுவிட்டது.

சங்கத்து மிஷின் அறுக்கும் அழகைப் பார்க்க அக்கம்பக்கத்து ஊர்களில் இருந்து ஆட்கள் வந்தார்கள். எல்லாருக்கும் சமமான நேரம் என்பது விதி. வயல் பெரிதா சிறிதா, பயிர் நிமிர்ந்து நிற்கிறதா சாய்ந்து கிடக்கிறதா என்ற பேச்சே கிடையாது. விசில் அடித்தால் வண்டி பாதியில் திரும்பி வெளியே வந்துவிடவேண்டும். மொட்டை போட உட்கார்ந்தவனைப் பாதியில் எழுப்பிவிட்ட மாதிரி வயல்கள் நின்றன. ஓட்டத் தெரிந்த ஒருவனே ஓட்டினால் அவன் அதிகாரி ஆகிவிடுவான் என்று உன் அப்பாவுக்குப் பயம். அதனால் ஓட்டுவதற்கும் முறை வைத்தார்கள். ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. அஞ்சலைப் பெரியம்மா வைத்திருந்த துண்டு நிலத்தில் அதுவரை எந்த வாடகை வண்டியும் இறங்கியதில்லை. வண்டி திரும்பவே இடமில்லை, டீசலுக்குக்கூடக் கட்டாது என்று மாமாவே மறுத்திருந்தான். சங்கத்து மிஷின் முதலில் இறங்கியது அங்கேதான். புருஷனை இழந்து தனியாக நின்றவர் வயலுக்கு முதல் முறை என்று உன் அப்பா பிடிவாதமாக நின்றார். அன்றைக்குப் பெரியம்மா மிஷினுக்குச் சூடம் காட்டிவிட்டு, அதே சூட்டோடு உன் அப்பாவுக்கும் காட்டினார். நாத்திகர் நெளிந்துகொண்டே நின்றார்.

இப்போது அந்த ஐப்பசிக்கு வருகிறேன். குறுவை முற்றி அறுப்புக்கு நின்றது. வானம் கறுக்கத் தொடங்கியது. மழை பிடித்துக்கொண்டால் கதிர் சாய்ந்து தண்ணீரில் கிடந்து முளைத்துவிடும். அந்த நெல்லைக் கோழிகூட மதிக்காது. அந்த நேரம் பார்த்து, முறைப்படி, கலியமூர்த்தி சித்தப்பா வண்டி ஓட்டவேண்டிய நாள் வந்தது. அவர் அதுவரை ஓட்டியது சைக்கிள் மட்டும். பிரேக் என்று நினைத்து எதையோ மிதித்தார். சங்கத்து மிஷின் கம்பீரமாக வரப்பைத் தாண்டிப் போய் வாய்க்காலுக்குள் மூக்கை விட்டுக்கொண்டு நின்றது. உறுப்பினர்கள் எல்லாரும் கரையில் கூடி, பொறுப்பைச் சமமாகப் பிரித்துக்கொண்டார்கள். அதாவது, ஒருவருக்கும் பொறுப்பு இல்லை.

"செல்வத்துக்கிட்ட போய்க் கேளுங்க" என்றேன். "வானத்தப் பாத்து வாடக சொல்றவன்கிட்ட நான் போக மாட்டேன்" என்றார் உன் அப்பா. அதுவும் உண்மை. மேகம் ஏற ஏற மாமா வாடகையை ஏற்றிக்கொண்டே போவான். நான்தான் போனேன். அக்கா என்று தண்ணீர் கொடுத்தான், உட்காரச் சொன்னான், வாடகையில் மட்டும் இறங்கவில்லை. "எவண்டா இவன், கூடப் பொறந்தவகிட்டயே மழைக்கு வெல வைக்கிறான்" என்று கூட வந்த அஞ்சலைப் பெரியம்மா கத்தினார். "அக்கா, மழைக்கு முன்னாடி கூப்புட்டா கொறச்ச ரேட்டுதானே சொல்றேன்? ரேட்ட ஏத்தலன்னா எல்லாரும் கடைசி நாள் வரைக்கும் சும்மா இருந்துட்டு ஒண்ணா ஓடி வருவாங்க. நான் யாருக்குன்னு ஓட்டுவேன்? இன்னொண்ணு, இந்த ரேட்டுலதான் அஞ்சலை அக்காவோட துண்டு நெலத்துல எறங்கவே எனக்குக் கட்டும்" என்றான். பெரியம்மா யோசித்தார். "சரி, எழவு, போட்டுக்க. ஆனா எனக்கு மொதல்ல வரணும்" என்றார். "வாக்குக் குடுத்தாச்சு. நீங்க முன்னாடி, அப்புறம் சங்கத்து ஆளுங்க" என்றான் அவன்.

மறுநாள் காலையில் மிஷின் பெரியம்மா வயலுக்குள் இறங்கும் நேரத்தில் மிராசுதார் குடையோடு வந்து சேர்ந்தார். எங்கள் அப்பாவை அவர் "டேய்" என்று கூப்பிட்டு நான் கேட்டிருக்கிறேன். என் தம்பியையும் அப்படித்தான் கூப்பிடுவார். அன்றைக்கு வரப்பில் நின்றபடி, "என்ன தம்பி, நம்ம வயலுக்கு எப்ப வர்றீங்க? வேணும்னா மேல போட்டுத் தர்றேன்" என்றார். வர்றீங்க! நான் கையில் வைத்திருந்த தண்ணீர்க் குடத்தைக் கீழே வைத்துவிட்டேன். மாமா வண்டியில் இருந்து இறங்காமலே பணிவாகச் சொன்னான்: "அஞ்சலை அக்கா முன்னாடி சொல்லிட்டாங்கய்யா. அவங்க முடிஞ்சு, இவங்க எல்லாம் முடிஞ்சுதான் உங்களுக்கு. கொஞ்சம் நில்லுங்க." அவர் நின்றார். தெருவே அறுப்பைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவர் நிற்பதைப் பார்த்தது. தூரத்தில் உன் அப்பா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்ததை நான் கண்ணால் பார்த்தேன். கேட்டால் இருமல் என்பார். எத்தனையோ மாநாடு போட்டும் வாங்கமுடியாத ஒரு "ங்க"வை அன்றைக்கு அந்தப் பழைய டயர் வண்டி வாங்கிக் கொடுத்தது. தம்பி, உன் பக்கத்து நியாயத்துக்கு நான் கண்ட சாட்சி அதுதான். மாமாவின் வண்டி யார் எந்தத் தெரு என்று கேட்கவில்லை. முன்னால் சொன்னவர் யார் என்று மட்டும் கேட்டது.

ஆனால் அது அங்கே முடியவில்லை. சங்கத்து வயல்களை முடித்து, மிராசுதார் வயலையும் முடித்து, அசலூரில் ஒப்புக்கொண்டதையும் முடித்துவிட்டு மாமா தன் சொந்த வயலுக்கு வரும்போது மழை பிடித்துக்கொண்டது. எல்லாருக்கும் கொடுத்த வாக்கில் தனக்குக் கடைசி இடம் வைத்திருந்தான். அவன் நிலமோ வடிகாலை ஒட்டிய பள்ளம். டயர் வண்டி இறங்கினால் அப்படியே புதைந்துவிடும். மழை கொஞ்சம் விட்ட நேரத்தில் நான் போய்ப் பார்த்தேன். பயிர் பாய் விரித்த மாதிரி தண்ணீரில் படுத்துக் கிடந்தது. சிங்கப்பூரில் தீப்பொறியில் நின்று சம்பாதித்து வாங்கிய நிலம். வரப்பில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "போக்கா, நனையாத" என்றான். நான் உட்கார்ந்தேன்.

உன் அப்பா அவசரக் கூட்டம் கூட்டினார். மிஷின் முதலாளி ஒருவருடைய வயலில் சங்கம் இறங்கி அறுக்கலாமா கூடாதா என்பது விவாதம். "மேகத்தக் காட்டிக் காசு பாத்தவனுக்கு மேகமே பாடம் சொல்லியிருக்கு" என்றார் ஒருவர். "அவன் வண்டி வரலைன்னா நம்ம நெல்லு இந்நேரம் மொளச்சிருக்கும்" என்றார் இன்னொருவர். உன் அப்பா எழுந்தார். நெருக்கடியில் இருக்கும் மனிதனுக்கு வர்க்கம் கிடையாது என்று தொடங்கி, உலகம் முழுக்கச் சுற்றிக்கொண்டு வந்தார். அஞ்சலைப் பெரியம்மா, "தம்பி, நீ பேசி முடிக்கிறதுக்குள்ள நெல்லு மொளச்சுக் கதிரே வுட்டுடும்" என்று சொல்லிவிட்டு, கூரையில் செருகியிருந்த கருக்கரிவாளை உருவிக்கொண்டு வெளியே போனார். பின்னாலேயே ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். உன் அப்பா கண்ணை மூடிக்கொண்டு பேசுகிறவர் அல்லவா? கண்ணைத் திறந்து பார்த்தபோது கொடியும் நானும்தான் இருந்தோம். "எல்லாரும் எங்க?" என்றார். "நீங்க சொன்னத ஏத்துக்கிட்டாங்க" என்றேன்.

முழங்கால் தண்ணீரில் நின்று அறுத்தார்கள். பெரும்பாலும் பெண்கள், எல்லாரும் என் வயதும் அதற்கு மேலும். உன் அப்பாவும் வேட்டியை வரிந்துகட்டிக்கொண்டு இறங்கினார். மாநாடு மாநாடாக அலைந்ததில் அறுப்பு மறந்துபோயிருந்தது. அவர் கட்டிய கட்டு தலையில் ஏறுவதற்குள் அவிழ்ந்து கொட்டியது. "செகட்டரி, நீ வரப்புல ஏறி நின்னு கோஷம் போடு, அது போதும்" என்றார் பெரியம்மா. கடைசிக் கட்டு கரையேறுகிற வரையில் மாமா சேறும் தண்ணீருமாக எல்லார் கூடவும் சுமந்தான்.

முழுதும் காப்பாற்ற முடியவில்லை, ஆனால் பெரும்பகுதி தேறிவிட்டது. மாமா கும்பிட்டுவிட்டு, "கூலி சொல்லுங்க" என்றான். உன் அப்பா நெஞ்சை நிமிர்த்தினார். "மாப்ளே, தோழமைக்கு வெல கெடையாது." அஞ்சலைப் பெரியம்மா சேற்றுக் கையோடு நடுவில் வந்து நின்றார். "அது அவருக்கு. எங்களுக்கு உண்டு. வெயில் காலத்துக் கூலி இல்ல, மழ ரேட்டு. நீ வச்ச அதே ரேட்டு." அப்புறம் மாமா சிரித்தான் பார், அப்படி அவன் சிரித்து நான் சின்ன வயதில்தான் கேட்டிருக்கிறேன். அவர் கேட்டதைக் கேட்டபடி கொடுத்தான். அவர்களை அவன் அன்றைக்கு மதித்த மாதிரி அதற்கு முன்பு மதித்ததில்லை.

உன் அப்பாதான் நொந்துபோனார். வீட்டுக்கு வந்து, "இத்தன வருஷம் சொல்லிக் குடுத்தது எல்லாம் வீணாப் போச்சு" என்று புலம்பினார். "நீங்க என்ன சொல்லிக் குடுத்தீங்க? ஒழைச்சதுக்குக் கேட்டு வாங்குங்கன்னுதானே? கேட்டு வாங்கிட்டாங்க" என்றேன். அவர் என்னை உற்றுப் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் மோர் கேட்டார். தண்ணீர் வடிந்ததும் மாமா தன் வண்டியில் சங்கிலி கட்டிச் சங்கத்து மிஷினை வாய்க்காலில் இருந்து இழுத்துக் கொடுத்தான். அதற்குப் பிறகு அதை, முன்பு மாமா வண்டியை ஓட்டிய அந்த ஆத்தூர் டிரைவர்தான் ஓட்டினார். வாடகையைக் கூட்டம் போட்டு மேகம் வருவதற்கு முன்பே முடிவு செய்தார்கள். அந்த விஷயத்தில் உன் அப்பாவுக்கும் மாமாவுக்கும் ஒவ்வொரு ஐப்பசியும் தகராறு வந்தது. உறவு முறிந்துபோகிற அளவுக்கு வந்ததில்லை.

ஆகவே, யார் சொல்வது சரி என்று கேட்டாயே, எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கம்பெனியைத் தொடங்கு. வண்டியை ஓட்டத் தெரிந்தவனிடம் கொடு. முறை வைத்து எல்லாருக்கும் கொடுக்காதே, கலியமூர்த்தி சித்தப்பாக்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். வாக்குக் கொடுத்தால் மாமா மாதிரி நில். உன்னைத் தேடி வருகிறவன் எந்தத் தெரு என்று கேட்காதே. ஆனால் நீ துணிந்து இறங்கினாய் என்பதற்காக, இறங்குவதற்கு உனக்குப் படிக்கட்டு எப்படி வந்தது என்பதை மறந்துவிடாதே. நீ படித்த அரசாங்கப் பள்ளிக்கூடமும், தங்கிய விடுதியும் யாரோ வெயிலில் படுத்து வாங்கியவை. உன்னிடம் வேலைக்கு வருகிறவர்கள் ஒருநாள் மழை ரேட்டு கேட்பார்கள். கேட்கும்போது முகத்தைச் சுளிக்காதே. சிரிக்க முடிந்தால் சிரி.

அப்பாவைப் பற்றிக் கவலைப்படாதே. இரண்டு நாள் மாட்டோடு பேசிப் பார்த்தார், அது ஒத்துவரவில்லை. இன்று காலை மாமாவை வரச்சொல்லி, சென்னைக்கு ரயிலில் இடம் போடச் சொன்னார். நீ கம்பெனி திறக்கிற அன்றைக்கு இருவரும் வருகிறார்கள், நானும் வருகிறேன். "மொதலாளியப் பாக்கப் போகல, அங்க வேல செய்யிறவங்களப் பாக்கப் போறேன்" என்று தெருவில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். இப்போதைக்கு நீயும் உன் சிநேகிதனும் மட்டும்தான் வேலை செய்கிறீர்கள் என்றேன். "கூட்டிப் பெருக்க யாராச்சும் வருவாங்கல்ல?" என்றார். ஒரு அம்மா காலையில் வந்து போகிறார் என்று நீ சொன்ன ஞாபகம். அவர் பெயரைக் கேட்டுத் தெரிந்து வைத்துக்கொள். ரயிலை விட்டு இறங்கியதும் உன் அப்பா முதலில் கேட்கப்போவது அதைத்தான்.

அம்மா